மகாராணி செங்கமல நாச்சியார் திருமண மகால்

பத்தொன்பது வயதில், கணவனின் சிதையில் இறங்கித் தன் குலத்தின் மானத்தைக் காத்த மகாராணி செங்கமல நாச்சியாரின் வரலாறு, வேங்கைமேட்டு மண்ணில் இரத்தத்தாலும் கண்ணீராலும் எழுதப்பட்டது. அந்தத் தியாகத்தின் வெப்பம் இன்றும் அந்த மண்ணை விட்டு அகலவில்லை. மாசி அமாவாசையில் அங்கே காற்று ஒரு பெண்ணின் குரலில் விசும்பும் என்பார்கள்.

'என்பார்கள்' என்று எழுதியவர் தமிழழகன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மூன்றும் செய்வார். மகாராணி பிறந்தது, மணந்தது, தீக்குளித்தது எல்லாம் அந்தக் கடையில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே. வேங்கைமேடு என்று ஓர் ஊர் இருப்பதாக அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மகாராணியைக் கேட்டு வந்தவர் இராமலிங்கம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, பிறகு லாரி ஓட்ட ஆள் வைத்து, பெரம்பலூர் அரியலூர் சாலையில் இருந்த தன் பழைய கல்யாண மண்டபத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஏசி, லிஃப்ட், வாசலில் இரண்டு சிமெண்ட் யானை. அவருடைய அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதில் ஜெயங்கொண்டம் வரைக்கும் அவருக்கு இணை கிடையாது. கௌரவமான தொழில்தான். ஆனால் அதை இரண்டு சிமெண்ட் யானைக்கு நடுவில் எழுதிவைக்க முடியாது.

"எனக்கு ஒரு ராசா வேணும்" என்றார் இராமலிங்கம்.

"ராசா வேணாம்ணே" என்றார் தமிழழகன். "ராசான்னா எவனாவது கல்வெட்டு கேப்பான், செப்பேடு கேப்பான். சின்ன வயசுல செத்துப்போன ராணின்னு வையுங்க. பாவம்னு ஒருத்தனும் ஆதாரம் கேக்க மாட்டான்."

"எத்தன வயசுல?"

"பத்தொம்போது. இருவதத் தாண்டுனா அழுகை கொறையும்."

"புள்ள குட்டி இல்லாம செத்துருந்தா நான் எப்பிடிய்யா வம்சம்?"

"அவ தம்பி வழில வர்றீங்க."

தனக்கு ஒரு மூதாதைத் தம்பி கிடைத்த மகிழ்ச்சியில் இராமலிங்கம் இரண்டு டீ சொன்னார். சுவரில் ராணியின் சரித்திரத்தை வரைய யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டார். தமிழழகன் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். அந்த ஒரு பெயரை அவர் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

வெற்றிச்செல்வி சிறுவாச்சூர்க்காரி. கும்பகோணத்தில் ஓவியம் படித்து, அரியலூருக்கு இந்தப்பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தாள். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கான காரணம், இடிக்கப்பட்ட அந்தப் பழைய மண்டபத்தின் மேடை.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்த மேடையில்தான் அவளுக்கும் இராமலிங்கத்தின் மகன் கலையரசனுக்கும் நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றினார்கள். ஏழாம் நாள் தட்டு திரும்பி வந்தது. புடவை இருந்தது, பழம் கறுத்திருந்தது, தேங்காய் மட்டும் இல்லை. சட்னிக்கு உடைத்துவிட்டார்களாம். தட்டைக் கொண்டுவந்த ஆள் காரணத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தான்.

"பொண்ணு மேடை ஏறும்போது எடது கால எடுத்து வச்சுச்சாம். ரெங்கம்மா அத்த பாத்துட்டாங்களாம். அப்பலேருந்து அவங்களுக்கு மனசு சரியில்லையாம்."

ரெங்கம்மாள் என்பது இராமலிங்கத்தின் மனைவி. மூன்றாம் மாதம் கலையரசனுக்கு ஒரு கிரஷர் முதலாளியின் மகளோடு கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் எந்தக் காலை வைத்து மேடை ஏறினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கூட வந்த காரைக் கவனிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

வெற்றிச்செல்விக்கு மட்டும் அந்தக் கால் ஒட்டிக்கொண்டது. 'எடது கால் பொண்ணு' என்று சொன்னால்தான் ஊருக்கு அடையாளம் தெரிந்தது. லப்பைக்குடிக்காட்டில் அவளுடைய அப்பா வீரமுத்து வழக்கமாகத் துணி எடுக்கிற கடைக்காரர்கூட, "என்னண்ணே, மகளுக்குக் கால்ல எதும் கோளாறா, வைத்தியம் பாக்கலாம்ல" என்று உள்ளன்போடு விசாரித்தார். அடுத்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கூடத்தில் நான்கு தடவை நடந்துகாட்டச் சொன்னார்கள். ஐந்தாவது தடவை அவள் நடந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதோடு சரி.

பழி வாங்குவது என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு இரண்டு தடவை, ஜன்னலோரத்து சீட்டைப் பிடித்து அதைப் பார்ப்பாள். எரிந்துபோக வேண்டும் என்று நினைப்பாள். முகூர்த்த நாளில் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் அன்று பாதிப் பிள்ளைகளுக்கு ஓவியத்தில் சைபர்.

அதனால், இராமலிங்கத்திடமிருந்து போன் வந்தபோது அவள் இரண்டு தடவை மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தாள். சந்தோஷத்தைக் காட்டக் கூடாது இல்லையா.

இராமலிங்கம் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாதது போல நடிக்கவுமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. பதினோரு வருஷம் ஒருவனை மனசுக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருக்க, அவன் "டீச்சருக்கு எந்த ஊருங்க?" என்று கேட்கிறான்.

"சிறுவாச்சூர்ங்க."

"அம்மன் ஊரு. நல்லது. நம்ம குடும்பத்துக்கு அங்க யாரயும் தெரியாது."

சிமெண்ட் வாசம் போகாத ஹாலில் மூவரும் நின்றார்கள். மூன்றாவது ஆள் ரெங்கம்மாள். அவள் வெற்றிச்செல்வியைத் தலையிலிருந்து பாதம் வரை பார்த்தாள். பாதத்தில் கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"ஒன்ன எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல பாத்துருப்பீங்கம்மா."

"இருக்கும்" என்றாள் ரெங்கம்மாள்.

இராமலிங்கம் தன் ஆசையைச் சொன்னார். ராணி யானைமேல் போகிறாள். ராணி ஊஞ்சல் ஆடுகிறாள். ராணி ஏழைகளுக்குத் தானம் தருகிறாள். எல்லாப் படத்திலும் ராணி சிரிக்க வேண்டும். தமிழழகன் எழுதிய வரலாற்றில் அவள் தீக்குளிக்கிறாள்தான், அதை ஓரமாக, சின்னதாக, புகை மட்டும் தெரிகிற மாதிரி வரைந்தால் போதும்.

வெற்றிச்செல்விக்கு அந்த நிமிஷத்தில்தான் வழி தெரிந்தது. இவரை எதிர்க்க வேண்டியதில்லை. இவர் கேட்டதை இவரே தாங்க முடியாத அளவுக்கு நன்றாகச் செய்து கொடுத்தால் போதும்.

"ஐயா, சந்தோஷமா இருந்த ராணிய யாருங்க வரைஞ்சு வச்சுருக்காங்க?" என்றாள். "எழுவது வயசு வரைக்கும் இருந்து, சுகர் வந்து செத்துருந்தா அது ராணி இல்லைங்க, ரேஷன் கார்டுல ஒரு பேரு. துக்கம் இருந்தாத்தான் அது வரலாறு. மத்த சமஸ்தானத்து அரண்மனைல எல்லாம் போயிப் பாருங்க. சின்ன வயசு ராணி, கண்ணுல தண்ணி, பின்னாடி நெருப்பு. பாத்தவொடனே இது பரம்பரைப் பணக்காரங்கன்னு தெரிஞ்சுபோயிரும்."

இராமலிங்கம் எந்த அரண்மனைக்கும் போனதில்லை. அதனால் உடனே ஒத்துக்கொண்டார்.

"அப்ப எத்தன படம்?"

"அஞ்சுங்க. ராணி பொறக்குறது. கணவன் அரண்மனைக்குள்ள மொத அடி எடுத்து வக்கிறது. போர்ல செத்த ராசாவ குதிரைல போட்டுக் கொண்டுட்டு வர்றது. ராணி கழுத்துலேருந்து தாலி வாங்குறது. தீக்குள்ள எறங்குறது."

"எங்க வரையலாம்? வாசல்லயா?"

"வாசல்ல வரைஞ்சா செருப்பக் கழட்டுறப்ப பாத்துட்டுப் போயிருவாங்க. மணமேடைக்கு நேர் எதிர்ச் சுவத்துல வரைஞ்சோம்னா, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒக்காந்துருக்குற ரெண்டு மணி நேரமும் ஒங்க வம்சத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

இராமலிங்கம் அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அரியலூர் ஜில்லாவின் மணமக்கள் அத்தனை பேரும் இரண்டு மணி நேரம் அவருடைய வம்சத்தைப் பார்க்கிறார்கள். அவர் முகம் மலர்ந்தது.

ரெங்கம்மாள் மெல்ல வாயைத் திறந்தாள். "ஏங்க, கல்யாணம் நடக்குற எடத்துல, பொண்ணு மொகத்துக்கு நேரா, தாலி வாங்குற படமா?"

"இது கல்யாணப் படம் இல்லடி. வரலாறு. ஒங்கப்பன் வூட்டுல வரலாறு இருந்துருந்தா ஒனக்குத் தெரிஞ்சுருக்கும்."

ரெங்கம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு வெற்றிச்செல்வியைப் பார்த்தாள். "நல்லா பெருசாவே வரைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெற்றிச்செல்வி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கீழே தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்வாள். என்றைக்காவது ஒருநாள் இவர்கள் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, இது யார் என்று யோசித்து, நினைவுக்கு வந்து, நெஞ்சில் கை வைக்க வேண்டும். இராமலிங்கமும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ராணிக்குத் தங்கள் குடும்பத்து மூக்கு இருக்க வேண்டும்.

அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முகத்துக்கு முன்னால் வந்து, கொஞ்ச நேரம் நின்று, இரண்டு பக்கமும் இடம் பிடித்துக்கொண்ட மூக்கு. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அதை வைத்து அழகு வரவழைப்பது லேசில்லை. அதற்கே அவளுக்கு நான்கு நாள் ஆனது.

கோடை விடுமுறை முழுக்கச் சாரத்தின் மேல் நின்று வரைந்தாள். சுவரில் கட்டம் போட்டு, பேப்பரில் இருந்ததைச் சுவரில் பெரிதாக்கினாள். ஆத்திரம் நல்ல வாத்தியார். செத்த ராசாவின் கை குதிரையின் விலாவில் தொங்குகிற விதத்தில் பார்ப்பவர்களுக்குத் தோள் வலித்தது. தாலி வாங்குகிற படத்தில் ராணியைச் சுற்றி நிற்கிற ஏழு கிழவிகளில் எவளும் அழவில்லை. வேலை பார்க்கிறார்கள். கடைசிப் படத்தில் ராணி நெருப்புக்குள் ஒரு பாதி, வெளியே ஒரு பாதி. வெளியே இருக்கிற பாதி திரும்பி நேராகப் பார்க்கிறது. யாரைப் பார்க்கிறது? மணமேடையில் இடதுபக்கம் யார் உட்கார்வாளோ அவளை.

இரண்டாவது படம் ஒன்றுதான் மங்களமானது. பதினைந்து வயது ராணி கணவன் அரண்மனையின் வாசற்படியைத் தாண்டுகிறாள். இராமலிங்கம் ஒப்புக்கொண்ட பேப்பரில் வலது கால் முன்னால் நீண்டிருந்தது, இடது கால் பின்னால். சுவரிலும் அப்படியே வரைந்து, கொலுசு, மெட்டி, மருதாணி எல்லாம் முடித்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் அந்த யோசனை வந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, முன்னால் நீண்டிருந்த வலது காலை மட்டும் வெள்ளை அடித்து அழித்தாள். அந்த இடத்தில், சுண்டுவிரல் வரைக்கும் பார்த்துப் பார்த்து, ஓர் இடது காலை வரைந்தாள். தன் இடது காலையே சாரத்துப் பலகையில் நீட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் வரைந்தாள். மெட்டி மட்டும் கற்பனை. இராமலிங்கத்தின் ராஜ வம்சம் இனி எல்லாக் காலத்துக்கும் இடது காலை எடுத்து வைத்து வீடு புகும்.

இராமலிங்கம் வந்து பார்த்தார். மூக்கைப் பார்த்தார், திருப்தியாகப் போனார்.

ஆவணியில் திறப்பு விழா. திரையை விலக்கி வைக்க ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். அவர் ராணியை நெடுநேரம் பார்த்துவிட்டு, இவர் எந்த நூற்றாண்டு என்று கேட்டார். இராமலிங்கம் தமிழழகனைப் பார்த்தார். தமிழழகன் செல்போனைப் பார்த்தார்.

"அது ரொம்ப நூற்றாண்டு ஆச்சுங்க" என்றார் இராமலிங்கம்.

மைக்கைப் பிடித்து, என் உடம்பில் ஓடுவது இந்த அம்மையின் இரத்தம் என்று சொல்லி அழவும் செய்தார். அது வீடியோவில் பதிவாகி, வாட்ஸ்அப்பில் மீன்சுருட்டி வரைக்கும் போனது. பிற்பாடு அவர் அந்தச் சுவரை அழிக்க முடியாமல் போனதற்கு அந்த வீடியோ ஒரு காரணம்.

முதல் முகூர்த்தம் ஆவணி கடைசியில் இருந்தது. அந்தப் பத்திரிகை தமிழழகன் கடையில் அடித்ததுதான். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால், 'இடம்' என்ற வரியை மட்டும் மாற்றி அவசரமாக மறுபடி அடித்துத் தரச் சொல்லி ஆள் வந்தது. அன்று சாயங்காலம் வெற்றிச்செல்வி பெயிண்ட் வாங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் போய், டி.டி.பி. கடையில் உட்கார்ந்தாள். ராணி பிறந்த கதையைத் தமிழழகன் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்த எதையும் அவரால் இரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

"பொண்ணோட அத்த மண்டபத்தப் பாக்க வந்துருக்கு டீச்சர். சின்னம்மாள்னு பேரு, ஒடையார்பாளையம் பக்கம். மணமேடைல ஒக்காந்து பாத்துருக்கு. நேரா பாத்தா, நெருப்புக்குள்ளேருந்து ஒருத்தி பாக்குறா. எந்திரிச்சிருச்சு. 'இந்தப் புள்ளைக்குப் பூவாட யாரு சாத்துறா?'ன்னு கேட்டுச்சாம். மேனேஜருக்குப் புரியல."

வெற்றிச்செல்விக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால், அந்தக் குடும்பத்தில் வாழ வேண்டிய வயதில் செத்துப்போன பெண்ணை வரவழைத்து, புதுப்புடவை வைத்து, பூ சாத்தி, அவள் மனசைக் குளிரவைத்து அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை. பூவாடைக்காரி என்பார்கள். தன் வீட்டுப் பூவாடைக்காரியைச் சமாதானம் செய்வதே பெரும்பாடு. யாருமே இதுவரை ஒரு முழம் பூக்கூட வைக்காத வேற்று வீட்டுப் பூவாடைக்காரி, நெருப்போடு, தாலி கட்டுகிற நேரத்தில் நேர் எதிரே நின்று பார்த்தால்?

"மேனேஜர் என்ன சொன்னாராம்?"

"அது வரலாறுங்கன்னாராம். 'இருக்கட்டும், எங்க பொண்ணு மேல வந்து எறங்குச்சுன்னா வரலாறுங்குறத அதுகிட்ட நீ சொல்லுவியா'ன்னு கேட்டுட்டுப் போயிருச்சாம்."

சின்னம்மாள் போன இடமெல்லாம் அந்தப் பேச்சும் போனது. ஐப்பசியில் இரண்டு, கார்த்திகையில் மூன்று, தையில் ஒன்பது என்று பத்திரிகைகள் 'இடம்' மாறின. தமிழழகன் இரண்டு தடவை அடித்து இரண்டு தடவை காசு வாங்கியதால் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

இராமலிங்கம் முதலில் படத்தின் மேல் சிவப்புத் திரை போட்டார். திரைக்குப் பின்னால் யாரோ நிற்பதாகப் பிள்ளைகள் அழுதன. வெள்ளைத் துணி போட்டார். பிணத்தை மூடிவைத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார். வந்த ஆள் ராணியை அண்ணாந்து பார்த்தான், பிரஷ்ஷைக் கீழே வைத்தான், கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டான், போய்விட்டான். தானே அழிக்கலாம் என்றால், இரத்தம் ஓடுகிறது என்று மைக்கில் சொன்ன வீடியோ ஊரெல்லாம் இருக்கிறது.

வெற்றிச்செல்வி அந்தத் தை மாதத்தை மறக்கவே மாட்டாள். காலண்டரில் முகூர்த்த நாளுக்கெல்லாம் சிவப்பு மையில் சுழி போட்டு வைத்திருந்தாள். அந்த நாட்களில் பஸ்ஸில் யார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கு வாந்தி வரும்" என்று சொல்லி இடம் பிடித்தாள். இரண்டு சிமெண்ட் யானை. நடுவில் வாழைமரம் இல்லாத வாசல். யானைகளுக்கு மத்தியில் மேனேஜர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒன்பது முகூர்த்தத்துக்கும் ஒன்பது தடவை பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அந்த மாதம் எல்லாப் பிள்ளைகளும் ஓவியத்தில் பாஸ்.

மாசியில் ஒருநாள் வாசலில் நிறையக் கார்கள் நின்றன. வெற்றிச்செல்விக்கு வயிறு எரிந்தது. பஸ் கிட்டே போன பிறகுதான் ஃப்ளெக்ஸில் இருந்தவர் மாப்பிள்ளை இல்லை, எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் என்று தெரிந்தது. பதினாறாம் நாள் காரியமும் படத்திறப்பும்.

யாரோ ஒருவர் வேறு இடம் கிடைக்காமல் எடுத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு அது எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்திருக்கிறது. பெரியவர் படத்தை மணமேடையில் வைத்து மாலை போட்டார்கள். வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து அழ வேண்டும். எண்பத்திரண்டு வயதில் போனவருக்காக அழுவது யாருக்கும் கஷ்டம்தான். அப்படியே எதிர்ச்சுவருக்குத் திரும்பினால் போதும், அழுகை தானாக வந்துவிடும். ராணி யாருக்காகவும் அழவைப்பாள். அன்று அழுத அழுகையைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசியது. அதற்குப் பிறகு ஜெயங்கொண்டத்திலிருந்தும் மீன்சுருட்டியிலிருந்தும் காரியத்துக்கென்றே தேடி வந்தார்கள். கல்யாணத்துக்காவது ஆடி, மார்கழி விடுமுறை உண்டு.

மகால் ஓய்வில்லாமல் ஓடியது. இராமலிங்கத்துக்குத்தான் தூக்கம் போனது. ஏனென்றால் அதை இப்போது யாரும் மகாராணி செங்கமல நாச்சியார் திருமண மகால் என்று சொல்வதில்லை. "கருமாதி மகாலா? நேரா போனா ரெண்டு யான வரும்" என்றார்கள். கண்டக்டரே, "கருமாதி மகாலு எறங்கு" என்றுதான் குரல் கொடுத்தார். இராமலிங்கம் எங்கே போனாலும் எதிரே வருபவர்கள் முதலில் கொஞ்சம் மிரண்டு, பிறகு, "என்னண்ணே, நம்ம வூட்டுப் பக்கம்?" என்றார்கள்.

வைகாசியில் அவருடைய கடைசி மகள் மேகலாவுக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தமிழழகன் ரகசியமாக எடுத்துக் காட்டினார். 'வேங்கைமேட்டு ராஜ வம்சம்' என்று தங்க எழுத்தில் மேலே இருந்தது. கீழே 'இடம்' என்ற வரியில் பெரம்பலூரில் வேறொருவருடைய மண்டபம்.

"மாப்பிள்ள வூட்டுல ஒரே வார்த்ததான் சொன்னாங்களாம் டீச்சர். 'அங்க வேணாம், நாங்க கடைசியா வர்றோம்'னு."

வெற்றிச்செல்வி அந்தப் பத்திரிகையில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணத்தன்று பெரம்பலூர் போய், அந்த மண்டபத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் நின்று ஒரு டீயும் ஒரு தேங்காய் பன்னும் சாப்பிட்டாள். சொந்தமாக மகால் கட்டிய மனிதர், வேறொருவன் வாசலில், வேறொருவன் வாடகைக்கு விட்ட பன்னீர்ச் செம்போடு, வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சட்னிக்குப் போன தேங்காய் அவளுக்கு அந்தப் பன்னில் திரும்பக் கிடைத்தது.

ஆனியில் அவளுடைய தலைமை ஆசிரியர் கலைவாணனின் அப்பா தவறிப்போனார். காரியம் மகாலில்தான். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லாரும் போனார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு அவள் உள்ளே போவது அதுதான் முதல் தடவை. ராணி நன்றாக இருந்தாள். முதல் மாலையை இறந்தவர் படத்துக்குப் போட்டுவிட்டு இரண்டாவதை ராணிக்குப் போடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. அதற்கென்று சுவரில் ஆணி அடித்திருந்தார்கள். இரண்டு டீச்சர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இப்படி வரைந்தாய் என்று அழுதார்கள். அவள் அடக்கமாக, "வந்துச்சு" என்றாள்.

பந்தியில் ரெங்கம்மாள் இலைக்கு இலை பார்த்துக்கொண்டே வந்து, வெற்றிச்செல்விக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கவே உட்கார்ந்தாள்.

"சாப்பாடு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குங்கம்மா."

"கல்யாணத்த விட இதுல நல்லா இருக்கும். இதுல யாரும் மாப்பிள்ள வூட்டுக்காரங்க இல்ல." ரெங்கம்மாள் இலையில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீ வீரமுத்து மவதான?"

இந்த நிமிஷத்துக்காக வெற்றிச்செல்வி பன்னிரண்டு வருஷம் வசனம் எழுதி வைத்திருந்தாள். வந்தது ஒரு கேள்விதான்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே. சாரம் கட்டுறதுக்கு முந்தியே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நான் சும்மா இல்லயே. பெருசா வரையச் சொன்னேன்ல?" ரெங்கம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பது வருசமா எங்கப்பன் வூட்ட மட்டம் தட்டுன வாய். இப்ப வூட்டுல வம்சம்னு ஒரு வார்த்த கெடையாது. நிம்மதியா சீரியல் பாக்குறேன்."

"எடது கால்னு பேரு கட்டி விட்டது நீங்கதான?" வெற்றிச்செல்வி அவள் பக்கம் திரும்பினாள்.

"நான் அன்னிக்கு மேடையவே பாக்கல ஆயி. அடுப்படில கேசரி அடி புடிச்சிருச்சுன்னு அங்க நின்னேன். கிரஷர்க்காரன் சம்பந்தம் வந்தவொடனே கதயக் கட்டுனது அவரு. எம்பேரப் போட்டாரு. பொம்பள சொன்னான்னா எவனும் திருப்பிக் கேக்க மாட்டான்ல. எம்பேருலயும் எடது கால் ஒட்டிக்கிச்சு. 'கால் பாக்குற மாமியா'ன்னு எனக்கும் பேரு."

பாயசம் வந்தது.

"ரெண்டாவது படத்துல நீ எடது கால வச்சத அப்பவே பாத்துட்டேன்" என்றாள் ரெங்கம்மாள். "ஊர்ல ஒருத்தரும் பாக்கல. எல்லாரும் நெருப்பத்தான் பாக்குறாங்க. நான் பாத்தேன். சரிதான், புள்ளைக்கு ரோசம் இருக்கு, வேல தெரிஞ்ச புள்ளன்னு நெனச்சேன்." அவள் எழுந்தாள். எழுந்த பிறகு கொஞ்சம் தயங்கினாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பாயசத்தக் குடிச்சிட்டுப் போயி, பின்னாடி இருக்குற காலயும் ஒருக்காப் பாரு."

வெற்றிச்செல்வி பாயசத்தைக் குடிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நேராகச் சுவரிடம் போனாள். மருதாணி, கொலுசு, மெட்டி, எல்லாம் அன்று வரைந்த மாதிரியே பளிச்சென்று இருந்தன. முன்னால் நீண்ட காலைப் பார்த்தாள். அவளுடைய கால்தான், சுண்டுவிரல்கூடத் தப்பவில்லை. பின்னால் ஊன்றிய காலைப் பார்த்தாள். அதை அவள் அன்று தொடவே இல்லை.

கட்டைவிரல் இரண்டும் ஒரே பக்கம் இருந்தன. அதற்குக் கீழே ஒரு முழ உயர எழுத்தில் 'ஓவியம்: வீ. வெற்றிச்செல்வி, எம்.எஃப்.ஏ.' என்றும், அவளுடைய செல் நம்பரும் இருந்தன.

ராணிக்கு இரண்டும் இடது கால்.